காது மட்டும் வந்த ஆடு

"காதைக் கொண்டாரத் தெரிஞ்சவனுக்குத் தோலைக் கொண்டாரத் தெரியலையா? செத்தது ஆடா, இல்ல ரெண்டு காதா?"

ரெகினா அப்பொல்லஸ் இப்படிக் கத்தியபோது தலைவர் கோட்லீப் வீட்டு வேலியோரம் கறுப்புக்கல் ஊரில் பாதிப்பேர் நின்றிருந்தார்கள். ஜூலை அங்கே குளிர்காலம். வெயில் ஏறிய பிறகும் தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி உடையவில்லை. தலைவரின் உள்ளங்கையில் இரண்டு கறுப்புக் காதுகள் கிடந்தன. இடது காதின் நுனியில் முக்கோண வெட்டு. அது தலைவர் வீட்டு ஆட்டுக்கான அடையாளம். காதைக் கொண்டுவந்து கொடுத்தவன் ஊரின் நரி வேட்டைக்காரன் பால்த்தசார்.

"தோலைக் கழுகு கிழிச்சிருச்சு அத்தை. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஒண்ணுமே மிச்சமில்ல."

"கழுகுக்குக் காது மட்டும் கசக்குமாக்கும்."

நாலு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. செத்தது அவருடைய சினை ஆடு. வெள்ளை உடம்பும் கறுப்புத் தலையுமாக நல்ல சாதிச் செம்மறி. அதை ரெகினாவின் நாய் பட்டப்பகலில் கடித்துக் கொன்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பால்த்தசார் சத்தியம் செய்தான்.

"நாய்க்குப் பேரே ஸ்கெல்ம்னு வச்சிருக்க. திருட்டுப்பயன்னு கூப்பிட்டா அது திருடத்தானே செய்யும்?" என்றான் வேலியில் சாய்ந்திருந்த கிறிஸ்தியான்.

"உனக்குக் கிறிஸ்தியான்னு பேரு வச்சாங்களே, ஒரு ஞாயித்துக்கிழமையாவது கோயில் வாசப்படிய மிதிச்சியாடா?"

கறுப்புக்கல்லில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆடு அடிபட்டுச் செத்தது என்று சொல்பவன் காதோடு சேர்ந்த தோலைக் கொண்டுவந்து தலைவர் முன்னால் விரிக்க வேண்டும். பல் பட்ட இடத்தைத் தோல் சொல்லிவிடும். நரி தொண்டையைக் கவ்வும். காட்டுப்பூனை நகத்தால் கீறி ஏறும். நாய்க்கு வேலை சுத்தமாக வராது, கண்ட இடத்தில் கிழிக்கும். நாய்தான் கொன்றது என்று ஆகிவிட்டால் அதை வளர்த்தவரே கயிற்றில் பிடித்துக் கொண்டுவந்து சுடுவதற்கு நிறுத்த வேண்டும். அதுவும் கட்டுப்பாடுதான்.

"தோல் இல்லாட்டியும் பால்த்தசார் பொய் சொல்ற ஆளு இல்ல. சனிக்கிழமை நாயைக் கொண்டா ரெகினா," என்றார் தலைவர்.

அன்று புதன்கிழமை.

ரெகினாவை ஊரில் யாரும் நல்ல பெண்பிள்ளை என்று சொல்ல மாட்டார்கள். ஏமாந்தவள் என்றும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு காகிதத்தில் கைநாட்டு வைக்க வேண்டுமென்றால் இரண்டு பேரை, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரை, தனித்தனியாக வாசிக்கச் சொல்வாள். இரண்டும் ஒத்துவந்தால்தான் கட்டை விரலை மையில் வைப்பாள். கடைக்குப் போனால் மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து முதலில் அதைத் தராசில் வைக்கச் சொல்வாள். அந்தக் கல்லின் எடை அவளுக்குத் தெரியும். தலைநகரில் நர்ஸாக இருக்கும் மகள் லூசியா போன் செய்தால், "நீ லூசியாதானா? உங்கப்பனுக்கு எந்தக் கால் குட்டை?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குவாள்.

அந்த அப்பன் எலியாப். கடற்கரைப் பக்கம் வைரச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன். இருபது வருடத்துக்கு முன்னால் ஆணி அடித்த பெட்டியில் திரும்பி வந்தான். கூட வந்த ஆள் பெட்டியைத் திறக்கக் கூடாது என்றான். "உள்ளாற கல்லைப் போட்டு அனுப்பிருந்தா நான் கல்லுக்கா அழுவேன்?" என்று கேட்டு ரெகினா கோடாரியை எடுத்துவந்து மூடியைப் பிளந்தாள். உள்ளே எலியாப்தான் இருந்தான். குட்டைக் காலையும் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அன்றிலிருந்து முப்பத்துநான்கு வெள்ளாடுகளை வைத்துக்கொண்டு தனியாகத்தான் இருக்கிறாள். முட்டி தேய்ந்துபோனதால் மேய்க்கப் போக முடிவதில்லை. ஸ்கெல்ம் போகும். குட்டியாக இருந்தபோதே ஆட்டுப்பட்டியில் விட்டு, ஆட்டுப்பாலைக் குடித்து வளர்ந்த நாய் அது. காலையில் ஆடுகளோடு போகும், சாயங்காலம் ஆடுகளோடு வரும். அந்த நாய் போனால் ஒரே குளிர்காலத்தில் நரிகள் ஆட்டை முடித்துவிடும். ஆடு முடிந்தால் லூசியா வீட்டு மூலையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தே சாக வேண்டியதுதான். ரெகினா இதை நன்றாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் சந்தேகப்பட்டது நாயைத்தான்.

"திற வாயை."

கடைவாய் வரைக்கும் விரலை விட்டுப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். சோளக்களி வாடைதான் வந்தது. வீட்டைச் சுற்றி நாய் கழித்து வைத்ததையெல்லாம் குச்சியால் கிளறினாள். செம்மறி மயிர் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினாள். களி இருந்தது, வண்டின் இறக்கை இருந்தது, அவளுடைய காலுறையில் காணாமல் போன ஒரு துண்டும் இருந்தது. செம்மறி மயிர் இல்லை.

"காலுறையைத் தின்னது நீதானா? நான் பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டுட்டேனேடா."

நாயை நம்பிவிட்டதால் சந்தேகத்தைப் பால்த்தசார் பக்கம் திருப்பினாள்.

பால்த்தசார் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. முன்பெல்லாம் ராத்திரி முழுக்க விழித்திருந்து நரி சுடுவான். போன வருடம் அவன் அண்ணன் துப்பாக்கியில் மாட்டுகிற குழல் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். தெர்மல் ஸ்கோப் என்று பெட்டியில் எழுதியிருந்ததாம். ஊரில் எல்லோரும் குழல் என்பார்கள். வெளிச்சத்தை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் பார்க்கிற குழல். ராத்திரி வேட்டைக்கு என்றுதான் எல்லாரும் அதை வாங்குவார்கள். பால்த்தசார் பகலில் கொண்டுபோனான்.

"ராத்திரி நரி ஓடும். பகல்ல தூங்கும். தூங்குற நரியை அதோட சூடே காட்டிக்குடுக்கும்," என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

சொன்னபடி செய்தும் காட்டினான். இரண்டு மாதத்தில் ஒன்பது நரி. அந்த வருடம் குட்டிகள் பிழைத்தன. வீட்டுக்கு ஒன்றாக அவனுக்கு ஆட்டுக்குட்டி கொடுத்தார்கள். ரெகினாவும் கொடுத்தாள், இருந்ததில் நோஞ்சானைப் பார்த்து. பெண்களுக்கு மட்டும் ஒரு சங்கடம். பகலில் புதர் மறைவில் ஒதுங்கப் போனால் அவன் எந்த மேட்டில் நின்று குழலைத் திருப்புகிறானோ என்று பயம். பிக்கப் வண்டி கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு நிற்பார்கள். ரெகினா நிற்க மாட்டாள். "பாக்குறவன் கண்ணு அவியட்டும்," என்று போய்விடுவாள்.

புதன் மத்தியானம் எண்ணெயில் பொரித்த ரொட்டி நாலைத் துணியில் சுற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள்.

"கோவத்துல கத்திட்டேன் தம்பி. எப்படித்தான் நடந்துச்சு? சொல்லு, மனசு ஆறட்டும்."

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். "காத்து வீசுச்சு அத்தை. பிக்கப்புக்குள்ள கண்ணாடிய ஏத்திவிட்டு உக்காந்திருந்தேன். குழல்ல பாத்தா உங்க நாய். மஞ்ச உடம்பு, மார்ல வெள்ளை. ஆட்டைக் கழுத்துல பிடிச்சு இழுக்குது. கண்ணாடிய இறக்கித் துப்பாக்கிய நீட்டுறதுக்குள்ள ஓடிருச்சு."

வியாழன் காலை தண்ணீர்த் தொட்டியருகே மறுபடி கேட்டாள். காற்று வீசியது, கண்ணாடி ஏறியிருந்தது, மஞ்சள் உடம்பு, மாரில் வெள்ளை. சாயங்காலம் அவன் வண்டியை நிறுத்தி மூன்றாம் முறை கேட்டாள். அதே காற்று, அதே கண்ணாடி, அதே வரிசை. ஒரு சொல் இடம் மாறவில்லை. நடந்ததைச் சொல்பவன் ஒரு தடவை காற்றை மறப்பான், இன்னொரு தடவை கையிலிருந்த தேநீர் சிந்தியதை ஞாபகப்படுத்திக்கொள்வான். இவன் ஞாயிற்றுக்கிழமை வேத பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒப்பித்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் கிளம்பும்போது வண்டியை மறித்தாள்.

"என் சினையாடு ஒண்ணு வீட்டுக்கு வரல. உன் குழல்ல தேடிக் குடு. நாயை நாளைக்கு நீங்க சுடத்தான் போறீங்க, ஆடாவது மிஞ்சட்டும்."

அந்த ஆடு பட்டியில்தான் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. பால்த்தசாருக்குப் பாவமாகிவிட்டது. ஏறச் சொன்னான்.

மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்தட்டில் ஏறி நின்று, வண்டிக் கூரைமேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்தான். எப்போதும் அவன் பார்ப்பது அப்படித்தான். ரெகினாவையும் ஏற்றிவிட்டுப் பார்க்கச் சொன்னான்.

"மொதல்ல குண்டைக் கழட்டு."

கழற்றினான்.

"குண்டைத் தள்ளுற அந்த இரும்புக் கட்டையையும் உருவி என் கையில குடு."

"அத்தை, நான் என்ன உங்களையா சுடப்போறேன்?"

"யாரு கண்டா. குடு."

கட்டையை மடியில் கட்டிக்கொண்ட பிறகுதான் குழலில் கண்ணை வைத்தாள். உலகம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தூரத்து ஓடைக்கரையில் அவளுடைய ஆடுகள் வெள்ளை வெள்ளையாக எரிந்தன. குழலைத் திருப்பித் தாழ்த்தினால், சற்று முன் அவள் பிடித்து ஏறிய இரும்பு விளிம்பில் அவள் கையின் அச்சு, ஐந்து விரலோடு, இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. தொட்டுவிட்டுப் போன இடத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கிற சாமான் வீட்டுக்கு ஆகாது.

"பொழுது ஏற ஏறக் கல்லெல்லாம் சூடாயிரும் அத்தை. பத்து மணிக்கு மேல கல்லு எது, ஆடு எதுன்னு தெரியாது. அப்புறம் நிழலை மட்டும்தான் பாக்கணும். மண்ணு குளிர்ந்திருக்கும், உசிரு மட்டும் வெள்ளையா உருண்டு கெடக்கும்."

"என்ன உசிரு?"

"நரிதான். பகல்ல புதருக்கடியில வேற என்ன படுக்கும்?"

ரெகினா அதை மனதில் போட்டு வைத்தாள்.

"என் ஆட்டுல கறுப்பு எது, செவலை எது?"

"நெறம் தெரியாது அத்தை, சூடுதான்..." என்றவன் சட்டென்று நிறுத்தினான். பிறகு, "நாய்னா நடையை வச்சே கண்டுபிடிச்சிரலாம்," என்று சேர்த்துக்கொண்டான்.

நடைக்கு மாரில் வெள்ளை இருக்குமா என்று கேட்க ரெகினாவின் நாக்கு துடித்தது. கடித்து அடக்கினாள். ஆயுளில் அவள் அப்படி அடக்கிய நாட்கள் குறைவு.

காற்று கிளம்பியது. குளிர் எலும்பைத் துளைத்தது. ரெகினா துப்பாக்கியோடு வண்டிக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பால்த்தசார் இதோ வருகிறேன் என்று கற்பாறைப் பக்கம் நடந்தான். ஒதுங்கத்தான் போகிறானா, இல்லை அங்கே எதையாவது மறைத்து வைத்திருக்கிறானா? அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துப்பாக்கியைத் தூக்கிக் குழலில் பார்த்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. கரி பிடித்த பானைக்குள் எட்டிப் பார்த்தது போல இருந்தது. நடுவில் மங்கலாக ஒரு தலை. அவள் தலையை ஆட்டினால் அதுவும் ஆடியது. அவளுடைய தலைதான் அது.

கெட்டுப்போய்விட்டதோ என்று கண்ணாடியை இறக்கினாள். பால்த்தசார் பளிச்சென்று வந்தான். நிஜமாகவே ஒதுங்கத்தான் போயிருந்தான், அவனுக்கு முன்னால் சூடான ஒரு கோடும் மண்ணை நோக்கிப் போனது. கண்ணாடியை ஏற்றினாள், பானை. இறக்கினாள், பால்த்தசார். மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். மூன்றாம் தடவை அவன் கால்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவன் திரும்பி வந்தபோது துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் அறியாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"ஆடு கெடைக்கலையே அத்தை."

"போகட்டும் தம்பி. கெடைக்க வேண்டியது கெடைச்சிருச்சு," என்று இரும்புக் கட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் வண்டியை எடுத்தான்.

சனிக்கிழமை காலை ஸ்கெல்மைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கு வந்தாள். கூட்டம் கூடியிருந்தது. பால்த்தசார் துப்பாக்கியோடு நின்றான். நாய் அவனைப் பார்த்து வாலை ஆட்டியது. அதற்கு ஆள் தரம் தெரியாது.

"தலைவரே, சுடுறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுதல். இவன் பாத்த மாதிரி நீங்களும் ஒரு தடவை பாருங்க. பிக்கப்புக்குள்ள உக்காந்து கண்ணாடிய ஏத்திட்டு, அந்தக் குழல்ல."

"எதுக்கு ரெகினா இதெல்லாம்?"

"இருபது வருஷமா உங்க தொட்டியில என் ஆடு தண்ணி குடிக்குது. இது ஒண்ணு கேக்கக் கூடாதா அண்ணே?"

பால்த்தசாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் பயம் இல்லை. ஏற்றிய கண்ணாடி வழியாகக் குழல் பார்க்காது என்பது அவனுக்கே தெரியாது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பின்தட்டில் நின்றே பார்த்துப் பழகியவன்.

குண்டையும் கட்டையையும் வாங்கி மடியில் முடிந்தாள். தலைவர் வண்டிக்குள் ஏறினார். கிறிஸ்தியான் நாயைப் பத்தடி தூரத்தில் பிடித்து நின்றான். கண்ணாடி ஏறியது.

"என்ன தெரியுது?" என்று ரெகினா வெளியிலிருந்து கத்தினாள்.

"ஒண்ணும் தெரியல. கண்ணாடியத் துடைங்கடா."

தலைவரின் மனைவி எமரென்சியா பாவாடையால் துடைத்தாள்.

"இப்ப?"

"என் தலைதான் தெரியுது."

"அதை வீட்டுக் கண்ணாடியிலயே பாத்திருக்கலாமே," என்றாள் எமரென்சியா.

"இப்ப கண்ணாடிய இறக்குங்க அண்ணே. நாய் தெரியுதா?"

"தெரியுது."

"மஞ்சளா?"

தலைவர் குழலிலிருந்து கண்ணை எடுத்தார். நேரே நாயைப் பார்த்தார். மறுபடி குழலில் பார்த்தார். "வெள்ளையா," என்றார் மெல்ல. "முழுசும் வெள்ளையா."

தலைவர் இறங்கினார். குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"பால்த்தசார், தோல் எங்க?"

அவன் தலையைக் குனிந்தான். "கட்டிலுக்கு அடியில. உப்புப் போட்டு வச்சிருக்கேன்."

ஓடிப்போய்க் கொண்டுவந்து விரித்தார்கள். காது இரண்டும் இல்லாத நல்ல தோல். பல் பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. தோள்பட்டைக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஓட்டை, மறுபக்கத்தில் பெரிதாக ஒரு ஓட்டை. குழியில் போட்டு மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நல்ல தோலை மண்ணுக்குக் கொடுக்க இந்த ஊரில் பிறந்தவனுக்கு மனசு வராது. பொய் சொல்ல வந்த மனசு அதற்கு வரவில்லை.

"நெழல்ல உருண்டையா கெடந்துச்சு தலைவரே. மத்தியான நேரம். மத்த எடமெல்லாம் எரியுது, புதருக்கடியில அது ஒண்ணு மட்டும் தனியாத் தெரிஞ்சுது. நரின்னே நெனச்சேன். குழலை விட்டுக் கண்ணை எடுத்திருந்தா கறுப்புத் தலை தெரிஞ்சிருக்கும். எடுக்கல."

"என்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன?"

"உங்க ஆடாச்சே. பகல் வேட்டையே கூடாதுன்னுருவீங்கன்னு பயந்துட்டேன்."

"அதெல்லாம் சரி," என்று எமரென்சியா முன்னால் வந்தாள். "தோல் கட்டிலுக்கு அடியில. கறி எங்கடா?"

பால்த்தசாரின் தாய் கூட்டத்துக்குப் பின்னால் மெல்ல நழுவுவதை எல்லோரும் பார்த்தார்கள்.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். பால்த்தசார் ஒரு சினையாட்டைப் பதிலுக்குக் கொடுக்க வேண்டும். பகல் வேட்டை நிற்காது, நரிகள் நிஜமாகவே குறைந்திருக்கின்றன. ஆனால் குழலில் பார்த்ததை வெறுங்கண்ணாலோ தூரக்கண்ணாடியாலோ இன்னொரு தரம் பார்த்து, இன்னது என்று தெரிந்த பிறகே சுட வேண்டும். ரெகினா கயிற்றை அவிழ்த்துவிட்டாள். நாய் முதலில் ஓடிப்போய் முகர்ந்தது அந்தத் தோலைத்தான். அவளுக்குத் திக்கென்றது. நல்லவேளை, முகர்ந்துவிட்டுத் தும்மியதோடு சரி.

மறுநாள் பால்த்தசார் மாட்டெலும்பு ஒன்றோடு வாசலுக்கு வந்தான்.

"நாய்க்குக் கொண்டாந்தேன் அத்தை. மன்னிச்சிருங்க."

"மொதல்ல நீ கடி."

"என்னது?"

"கடிச்சு முழுங்கு. நான் பாக்கணும்."

அவன் கடித்தான். விழுங்கினான். ரெகினா கால் மணி நேரம் அவனை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எலும்பை நாய்க்குப் போட்டாள். மன்னித்தாளா என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆனால் மனசு அடங்கவில்லை. இன்னொரு தரம் பார்த்துச் சுடுவேன் என்று வாயால்தான் சொல்லியிருக்கிறான். வாய் அவனுடையது. ஸ்கெல்முக்கோ மத்தியானம் ஆடுகளோடு புதர் நிழலில் சுருண்டு படுக்கிற பழக்கம். மண் குளிர்ந்திருக்கும், உசிரு மட்டும் வெள்ளையாக உருண்டு கிடக்கும்.

மாதக் கடைசியில் அரசு உதவிப்பணம் வாங்கக் கீட்மான்ஸ்ஹூப் நகரத்துக்குப் போனபோது பண்ணைச் சாமான் கடைக்குள் நுழைந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரப் பையன் பளபளக்கிற ஆரஞ்சுத் துணிச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டான்.

"நாய்க்கு இதை மாட்டி விடுங்கம்மா. ஒரு மைலுக்கு அந்தாண்ட இருந்து தெரியும். வேட்டைக்காரங்க எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

"அவன் பாக்குற குழலுக்கு ஆரஞ்சு தெரியாது. உனக்குத் தெரியாததை எங்கிட்ட விக்காத. சத்தம் போடுறதா ஒண்ணு எடு."

ஆட்டு மணிகளை எடுத்து வைத்தான். ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்தாள். ஒன்றைக் கொடுத்துத் தெருக்கோடி வரைக்கும் போய் அடிக்கச் சொன்னாள். இரண்டாவது மணியோடும் அனுப்பினாள். அவன் வேர்த்து விறுவிறுத்து மூன்று தரம் போய் வந்தான். கனத்த பித்தளை மணி ஒன்றுதான் தெருக்கோடியிலிருந்தும் லாரிச் சத்தத்தை மீறிக் கேட்டது. நாக்குக் கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று பல்லால் இழுத்துப் பார்த்தாள். விலை ஒட்டியிருந்த சீட்டைக் கடைப் பையனை ஒரு தரமும், வாசலில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணை ஒரு தரமும் வாசிக்கச் சொன்னாள். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள்: நூற்றுப் பதினைந்து டாலர். அதற்குப் பிறகுதான் மடியை அவிழ்த்துக் காசை எண்ணினாள்.